பின்னால் கட்டிய வள்ளம்

மே 3, சனி

எங்கள் கடைக்குச் சாமான் போடுகிற கொம்பனிக்காரர் தை மாதம் இலவசமாகத் தந்த டயறி இது. நாலு மாதமாகச் சமையலறை மேசையில் தேநீர்க் கோப்பைக்குத் தட்டாகக் கிடந்தது. இன்றைக்கு இரண்டு மூன்று அளவுகளைக் குறித்து வைக்க வேண்டி வந்ததால் திறந்தேன்.

தம்பி ரமணன் போட் வாங்கியிருக்கிறான். பதினாறு அடி, அலுமினியம், பின்னால் எஞ்சின், ஏற்றி இழுக்க ஒரு ட்ரெய்லர். நாற்பத்தொரு வயதாகிறது, நீந்தத் தெரியாது. போன வருடம் நயாகராவுக்குப் போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றவன். அவனுக்கு எதற்குப் போட் என்று கேட்டால், "பயந்தது காணும் அக்கா" என்கிறான். பயந்தது போதும் என்றால் யோகாவுக்குப் போகலாமே.

அதோடு விட்டானா? "இழுக்கிற சாமான் எல்லாம் உன்ர பொறுப்பு. பார்ட்ஸ் கடையில பதினேழு வரியமா நிக்கிறாய். என்ன ஹிச் போடவேணும், என்ன சங்கிலி போடவேணும், நீ சொல்லு. நீ சொல்லுறதைத்தான் போடுவன்."

"நான் ஏன்? கராஜில கேளன்."

"கட்டுறது நீயாத்தான் இருக்கவேணும் அக்கா."

அதை ஏன் அப்படிச் சொன்னான்?

ஜூன் 28 சிம்கோ ஏரிக்குப் போவதாக முடிவாம். பல்கலைக்கழகம் போகிற என் மகள் ஆரணி மாமாவோடு ஜீப்பில் முன்னால் போகிறாளாம், தொப்பிகூட வாங்கிவிட்டாள். இவர், விமல், எத்தனை கிலோ மீன் வரும் என்று கேட்கிறார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

போட்டுக்கு எனக்குப் பயமில்லை. ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் பயம். கழன்றால் முன்னால் போகிறவனுக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருப்பதுதான் போகும்.

மே 6, செவ்வாய்

போட், எஞ்சின், எண்ணெய், ட்ரெய்லர், மீன்பிடிச் சாமான், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் இறாத்தலுக்குச் சற்றுக் கீழே. அதில் பத்திலிருந்து பதினைந்து வீதம் ட்ரெய்லரின் மூக்கில் இறங்க வேண்டும். மூக்குப் பாரம் குறைந்தால் வால் ஆடும், கூடினால் ஜீப்பின் பின்பக்கம் குந்தும்.

ஜீப்பில் பூட்டுகிற சட்டம், அதில் செருகும் தண்டு, தண்டின் மேல் இரும்பு உருண்டை, உருண்டையைக் கவ்வுகிற கப்ளர், சங்கிலி. இந்த ஐந்திலும் எது பலம் குறைந்ததோ அதுதான் முழுவதற்கும் பலம். நாலைப் பெரிதாக வாங்கி ஒன்றைச் சின்னதாக வாங்கினால் வாங்கியது சின்னதுதான். இதைக் கடையில் நாளுக்கு நாலு பேருக்கு ஓதுகிறேன். நான் ஓதுகிறபோது என் குரல் நடுங்குவதில்லை.

மே 11, ஞாயிறு

ரமணன் ஜீப்பைக் கொண்டுவந்தான். பின்னால் ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது. சைக்கிள் கொழுவ முந்திய சொந்தக்காரன் பூட்டியது, ஒன்றேகால் அங்குலத் துவாரம்.

"இது காணாதோ?" என்றான்.

"சைக்கிளுக்குக் காணும். நீ சைக்கிளிலயோ மீன் பிடிக்கப் போறாய்?"

"கோவிக்காதை. என்ன போடவேணுமெண்டு சொல்லு."

இரண்டு அங்குலத் துவாரம் உள்ள பெரிய சட்டமாகப் போடச் சொன்னேன். தேவையைவிட இரட்டிப்புப் பலம். விமல் பக்கத்தில் நின்று, "நீர் வீட்டையும் சேத்து இழுக்கப் போறீரோ?" என்று பகிடி விட்டார்.

பிறகு ரமணன் குனிந்து அந்தத் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "இதுக்குக் குறுக்கால போற முளையைக் கையால இழுத்துக் கழட்டேலுமோ, அக்கா?"

"சாதாரணமானதைக் கழட்டலாம். பூட்டுப் போட்டதும் இருக்கு."

"பூட்டுப் போட்டதை எடு. ஒருத்தரும் கையால கழட்ட ஏலாததை எடு."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மே 17, சனி

கடையில் பின் என்று சொல்வது, விரல் தடிப்பில் வளைந்த ஒரு இரும்பு முளை. தண்டு வெளியே வராமல் குறுக்கே போகும். இந்தப் பதினேழு வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் நான் அதை என் கையால் எடுத்துக் கொடுத்ததில்லை. "அந்தத் தட்டில இருக்கு, எடுங்கோ" என்று காட்டுவேன். கடையில் எல்லோருக்கும் இது ஒரு பகிடி. எனக்கு இரும்பு ஒவ்வாமை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரும்புக் கடையில் வேலை செய்கிறவளுக்கு இரும்பு ஒவ்வாமை. அதையும் நம்புகிறார்கள்.

இன்றைக்கு ரமணனுக்காகப் பூட்டு முளை ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. பேப்பர்த் துண்டால் பிடித்து எடுத்துப் பைக்குள் போட்டேன்.

மே 20, செவ்வாய்

நித்திரை இல்லை.

மே 25, ஞாயிறு

ஆரணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அம்மா, மாமாவும் அம்மம்மாவும் வந்த போட்டுக் கயிறு அறுந்தது எண்டு சொல்லுவீங்களே, அது எப்பிடி?"

எத்தனையோ தரம் சொன்ன கதைதான். தொண்ணூற்றி மூன்றாம் ஆண்டு. சண்டையால் றோட்டெல்லாம் மூடி, யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே வர கிளாலிக் கடலேரி ஒன்றுதான் வழி. எல்லா வள்ளத்துக்கும் எஞ்சினும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதனால் எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளத்துக்குப் பின்னால் மற்ற வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கொழுவி இழுத்துப் போவார்கள். அப்பா ஏற்கெனவே கொழும்பில் இருந்தார். எங்கள் ஒழுங்கைச் சனத்தோடு நாங்கள் மூன்று பேரும் வெளிக்கிட்டோம். ஏறுகிற அவசரத்தில் நான் முதல் வள்ளத்தில் அகப்பட்டுவிட்டேன். எனக்குப் பதினாலு வயது. அம்மாவும் ஒன்பது வயது ரமணனும் இரண்டாவதில். விடிகிறதுக்குச் சற்று முன், நடுக்கடலில், கடற்படைக்காரர் வானத்தில் வெளிச்சம் போட்டார்கள். துவக்குச் சூடும் தொடங்கியது. கயிறு அறுந்தது. நாங்கள் கரைக்குப் போய்விட்டோம். அம்மாவின் வள்ளம் மிதந்து மிதந்து அடுத்த நாள் மத்தியானம் ஒரு மீன்காரரின் கண்ணில் பட்டது. இரண்டு நாள் கழித்து அம்மாவும் தம்பியும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதான்.

"பெரிய கயிறா? எப்பிடி அறுந்தது?"

"பழைய கயிறு. இறைச்சி போடவே?"

அவள் வேண்டாம் என்றாள். நல்ல காலம், மேலே கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

போட்டை விற்றவர் கூடவே ஒரு உருண்டையும் தண்டும் கொடுத்திருந்தார். ரமணன் அதையே போட்டுவிட்டால் என்ன என்று கேட்டான். கொண்டு வரச் சொன்னேன்.

ட்ரெய்லரின் கப்ளரில் இரண்டு அங்குலம் என்று பொறித்திருக்கிறது. அவர் கொடுத்த உருண்டையின் தலையில், எண்ணெய் அழுக்குக்குள், ஒன்றே முக்கால் அரைக்கால் என்று இருந்தது. அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. கப்ளரை இறக்கித் தாழ்ப்பாளைப் போட்டால் டக்கென்று பூட்டும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்புகிறபோது கழன்று போகும். அந்த ஆள் இதை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் இழுத்தாரோ தெரியாது.

விமல் அசைத்துப் பார்த்துவிட்டு, "சின்ன ஆட்டம்தானே. சைக்கிள் ரியூப்பை வெட்டி உருண்டையில சுத்தினால் இறுக்கமா நிக்கும். ஊரில ட்ரக்ரருக்கு நாங்கள் உப்பிடித்தான் செய்யிறனாங்கள்" என்றார்.

"ஊரில செய்தியள், சத்தம் நிண்டது. ஆட்டம் நிண்டதோ? ஆட்டம் போறதுக்கு முதல் சொல்லுற ஒரேயொரு ஆள் அந்தச் சத்தம். அதின்ர வாயையும் ரியூப்பால கட்டச் சொல்லுறியள்."

கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். விமல் கையை உயர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரமணன் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா சொல்லுறது சரி" என்றான். புது உருண்டை, இரண்டு அங்குலம், மூவாயிரத்து ஐந்நூறு இறாத்தல் தாங்கும். பழையதைக் கராஜ் குப்பையில் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தோம். என் சோதனை இதுதான், மறக்கக்கூடாது: கப்ளரை உருண்டையில் இறக்கு, தாழ்ப்பாளைப் போடு, தாழ்ப்பாளுக்குக் குறுக்கே ஊசி போடு. பிறகு ட்ரெய்லர் மூக்கிலுள்ள ஜாக்கியைச் சுற்றி உயர்த்து. ஜீப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் கவ்வியிருக்கிறது. எழும்பாமல் கப்ளர் மட்டும் வெளியே வந்தால், றோட்டில் இல்லாமல் வாசலிலேயே தெரிந்துவிட்டது, கடவுள் இன்றைக்கு உன் பக்கம்.

ஜீப் எழும்பியது. சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்குமறுக்காகக் கொழுவினேன். நேராகக் கொழுவினால், கழன்ற மூக்கு றோட்டில் குத்தி ட்ரெய்லர் கரணம் போடும். குறுக்காகப் போட்டால் சங்கிலி தொட்டில் மாதிரி அதைத் தாங்கும். இதை விமலுக்கும் ரமணனுக்கும் ஆரணிக்கும் மூன்று தரம் செய்து காட்டினேன்.

ரமணன் சொன்னான்: "நீ கட்டினால் கழராது."

எல்லோர் முன்னாலும், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவனுக்கு அப்படிக் குத்திக் கதைக்க வராது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

சண்டை. ஆரணியை ரமணனோடு ஜீப்பில் விடமாட்டேன் என்றேன்.

"முன்னுக்கு இருக்கிறவைக்கு என்ன வரப்போகுது?" என்று ரமணன் கேட்டான்.

அது என் வசனம். இந்த டயறியில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இவன் வாசித்தானா? மேசையில்தான் கிடந்தது.

"அப்ப நான் என்ர காரில பின்னுக்கு வருவன்," என்றேன். "போட்டுக்கு நேர பின்னுக்கு. நான் பின்னுக்கு இருந்தால்தான் எனக்குச் சரி."

"உமக்கு என்ன விசரோ?" என்றார் விமல். "பின்னுக்கு வாற ஆளுக்குத்தானே ஆபத்தெண்டு நீரே சொன்னனீர்?"

"ஓம். அதுதான்."

டயறியை இனி கோதுமை மா வாளிக்குள் வைக்கப் போகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். ஜீப்புக்கும் ட்ரெய்லருக்கும் பூசை. ஜீப்பின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் நசுங்கியது. ஐயர் போட்டின் மூக்குக்கும் சந்தனம் வைத்தார்.

அம்மா இருந்தால் நேர்த்திக்காசு முடிந்திருப்பா. போன இடத்திலிருந்து எல்லோரும் முழுசாகத் திரும்பினால் உண்டியலில் போடுகிறேன் என்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து கட்டி வைப்பா. அம்மா போய் இரண்டு வருடம். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில், நினைவு வந்து வந்து போன நாட்களில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "கயிறு அறுந்தது, என்ன பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் அம்மா" என்றேன். "அறுந்ததுதான்" என்றா. எனக்காகத்தான் அப்படிச் சொன்னா. சாகிற நேரத்திலும் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனா.

ஜூன் 27, வெள்ளி

நாளைக்கு. எல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. நாளைக்கு ஏதும் நடந்தால் எழுத ஆள் இருக்குமோ தெரியாது. எழுதிவிடுகிறேன், வேண்டுமானால் பிறகு கிழிக்கலாம்.

கயிறு அறுந்து போகவில்லை.

வள்ளத்தின் பின்கட்டையில் ஒரு துளை இருக்கும். பின்னால் வருகிற வள்ளத்தின் கயிற்று வளையத்தை அதற்குள் விட்டு, குறுக்கே ஒரு மரமுளையைச் செருகியிருப்பார்கள். அவசரத்துக்கு முளையை இழுத்தால் கயிறு விடுபடும். நான் அந்த முளைக்குப் பக்கத்தில் இருந்தேன். வெளிச்சம் போட்டதும் எஞ்சின்காரர் திரும்பாமலே கத்தினார்: "கழட்டு, கழட்டு, முளையை இழு." என்னைத்தான் சொன்னாரோ வேறு யாரையோ தெரியாது. பக்கத்தில் பெரிய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நான் இழுத்தேன். அம்மா அந்த வள்ளத்தில் இருக்கிறா என்று தெரிந்துதான் இழுத்தேன். பயம். வேறொரு காரணமும் இல்லை. முளை கையோடு வந்தது. எங்கள் வள்ளம் ஒருதரம் துள்ளி ஓடியது. அந்த வெளிச்சத்தில் பின் வள்ளத்தின் முன்பக்கத்தில் இருந்த ரமணனின் முகத்தைக் கண்டேன். அவனும் என்னைக் கண்டான்.

இரண்டு நாள் கழித்து அம்மா வந்ததும், நான் வாயைத் திறக்கமுன், முதல் சொன்னது: "கயிறு அறுந்து போச்சு, பிள்ளை." நான் தலையாட்டினேன். முப்பத்திரண்டு வருடமாகத் தலையாட்டுகிறேன்.

நாளைக்கு ஏரியில் வைத்துச் சொல்லிக்காட்டத்தான் போட் வாங்கியிருக்கிறான்.

ஜூன் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வைத்து நானே பூட்டினேன். ஜாக்கியைச் சுற்றினேன், ஜீப் எழும்பியது. ஊசி, சங்கிலி, வெளிச்ச வயர், எல்லாம் சரி. சரி என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விடவில்லை. பயம் ஆளை விடுமா? மஞ்சள் துணியில் காசை முடிந்து, கப்ளரின் தாழ்ப்பாளில், கொஞ்சம் வால் தொங்கும்படியாகக் கட்டினேன். கும்பிட்டேன். பிறகு கட்லட் பொரிக்க உள்ளே போனேன்.

அந்த அரை மணித்தியாலத்தில் விமலுக்கு ஐஸ் நினைவு வந்திருக்கிறது. எங்கள் கார் ட்ரெய்லருக்கு அங்கால் மறிபட்டு நின்றது. ஜீப்பைக் கழற்றிக்கொண்டு போய் ஐஸ் வாங்கி வந்து, திரும்பவும் பூட்டியிருக்கிறார். கப்ளரை இறக்கும்போது மஞ்சள் துணி உருண்டைக்கும் தாழ்ப்பாளுக்கும் இடையில் மடிந்து போயிருக்கிறது. இறுக்கமாக இருந்ததாம். அதனால் நன்றாகப் பூட்டியிருக்கிறது என்று நினைத்தாராம். ஊசியும் போட்டிருக்கிறார். சங்கிலியை நான் காட்டியபடியே குறுக்காகக் கொழுவியிருக்கிறார். ஜாக்கியைத்தான் சுற்றவில்லை. எனக்கும் சொல்லவில்லை. "எல்லாம் சரியோ?" என்று நான் வெளியே வந்து கேட்டேன். "ஓம்" என்றார். நானும் ஏறினேன்.

ரமணனும் ஆரணியும் ஜீப்பில். நானும் விமலும் பின்னால் காரில், நான் ஓட்டினேன். 404 நெடுஞ்சாலையில் நியூமார்க்கெட் தாண்டும்வரை போட்டின் பின்பக்கத்தைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. ஒரு பாலம் வந்தது. பாலம் முடிகிற இடத்தில் றோட்டில் ஒரு படி. ஜீப் ஏறி இறங்கியது, ட்ரெய்லர் ஏறியது, மூக்கு மேலே எழும்பியதைக் கண்டேன். உருண்டை இல்லாமல் எழும்பியது. பிறகு கீழே விழுந்தது. பொறி பறந்தது.

விமல் "ஐயோ கௌரி" என்றார். நான் பிறேக்கை மிதித்தேனா, ஹோர்ண் அடித்தேனா தெரியாது. போட் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது. அதற்கு முன்னால் என் பிள்ளை. சங்கிலி இறுகி நின்றது. மூக்கு சங்கிலியில் கிடந்து ஆடியது, றோட்டில் குத்தவில்லை. ரமணன் பதறிப் பிறேக் போடவில்லை. காலை எடுத்து, மெல்ல மெல்லக் கரைக்கு எடுத்தான். நான் அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஓடினேன். ஆரணி இறங்கி நின்றாள், முகம் வெளிறியிருந்தது, வேறொன்றுமில்லை. அவளைப் பிடித்துத் தலை, கை, தோள் எல்லாம் தடவிப் பார்த்தேன். ரமணன் புல்லில் குந்தியிருந்தான். இரண்டு கையையும் தனக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்:

"நான் கழட்டேல்ல அக்கா. இந்தமுறை நான் கழட்டேல்ல."

லொறிகள் போகிற சத்தத்தில் நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். கிட்டப் போய் இருந்தேன்.

"எந்தமுறை நீ கழட்டினனி?"

"கிளாலியில எங்களுக்குப் பின்னால இன்னொரு வள்ளம் கொழுவியிருந்ததெல்லே."

விரித்த கையைக் கீழே விடாமலே அவன் தொடர்ந்தான்.

"நீ இழுத்ததைக் கண்டனான். எங்கட வள்ளம் நிண்டுட்டுது. பின்னால வந்தது வந்து எங்களிலை முட்டினது. துவக்குச் சன்னம் தண்ணியில விழுது. எங்களிட்டைத் துடுப்பு ரெண்டு இருந்தது. வலிக்கப் பாத்தினம், ரெண்டு வள்ளமும் சேந்து அசையேல்ல. அம்மா சொன்னா, அக்கா செய்த மாதிரிச் செய் எண்டு. அம்மான்ர கை நடுங்கிக்கொண்டிருந்தது, முளையில பிடிக்க ஏலேல்ல. நான் இழுத்தனான்."

"ரமணன்."

"அக்கா செய்தது சரி எண்டுதான் நான் இழுத்தனான். நீ செய்தால் சரியாத்தான் இருக்குமெண்டு. பேந்து அம்மா என்ர வாயைப் பொத்திச் சொன்னா, கயிறு அறுந்தது, ஆருக்கும் வேற ஒண்டும் சொல்லப்படாது, அக்காவுக்கும் சொல்லப்படாது எண்டு."

அம்மா என்னைக் காப்பாற்றவில்லை. அம்மா இவனைக் காப்பாற்றியிருக்கிறா. தன்னையும். நான் முப்பத்திரண்டு வருடமாக அது எனக்குத் தந்தது என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்னைக் குத்திக் காட்டுறாய் எண்டு நினைச்சன்" என்றேன். "நீ கட்டினால் கழராது எண்டு சொன்னாய்."

"நீ கட்டினால் கழராதுதான். எனக்கு என்ர கையிலதான் நம்பிக்கையில்லை. அதுதான் உன்னைக் கட்டச் சொன்னனான்."

அப்போதுதான் விமல் கப்ளருக்குள்ளிருந்து மஞ்சள் துணியை இழுத்தெடுத்தார். கறுத்து, கிழிந்து, காசு அதற்குள்ளேயே இருந்தது. ஐஸ் கதையைச் சொன்னார். மனுசன் அழுதுவிட்டார். திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. கட்டியது நான்.

தாழ்ப்பாள் வளையவில்லை. உருண்டையில் கீறல், வெடிப்பில்லை. சங்கிலிக் கண் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துணி இல்லாமல் பூட்டி, இரண்டு தரம் ஜாக்கியைச் சுற்றினேன். இரண்டு தரமும் ஜீப் எழும்பியது. வெளிச்ச வயர் பிய்ந்திருந்தது, அதனால் யாராவது பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ரமணனால் ஓட்ட முடியாது. விமலுக்கு இந்த ஜீப் ஐஸ் வாங்கத்தான் சரி. நான் ஏறினேன். முன்னால். ரமணன் எனக்குப் பக்கத்தில். ஆரணி என் காரை எடுத்துக்கொண்டு, தகப்பனை ஏற்றிக்கொண்டு, போட்டுக்குப் பின்னால் வந்தாள்.

அடுத்த வழியில் இறங்கி, உள்றோட்டால், நாற்பதில் போனேன். கண்ணாடியில் போட். போட்டுக்கு அங்கால், வளைவுகளில் மட்டும், ஆரணியின் விளக்கு தெரியும். தெரியாத ஒவ்வொரு நிமிடமும் செத்துப் பிழைத்தேன். ரமணன் பயணம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து பின்னால் பார்த்து, "வருகினம், வருகினம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். போட்டை இறக்கவில்லை. கரையில் இருந்து கட்லட் சாப்பிட்டோம்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் ஆரணி சமையலறைக்கு வந்து, நேற்றுப் புல்லில் நாங்கள் கதைத்ததெல்லாம் தனக்குக் கேட்டது என்றாள். பிறகு, "மூண்டாவது போட்டில இருந்த ஆக்கள்?" என்றாள்.

அதை நான் அம்மாவிடம் கேட்டதில்லை. மூன்று வள்ளம் கொழுவியதைக் கரையில் வைத்து நானே பார்த்தேன். இரண்டாவதில் இருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது எங்கே என்று முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் மற்றக் கதையும் வெளியே வரும் என்று பயம். ஆரணிக்கு இதைச் சொன்னேன். அவள் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், பிடிக்கவில்லை. கதிரையை இழுத்து எதிரில் இருந்தாள்.

பத்து மணிக்கு ரமணன் வந்தான். முகம் வீங்கியிருந்தது.

"மூண்டாவதில பரமேஸ் அக்கா இருந்தவ," என்றான். "பிள்ளைகள் ரெண்டும். சின்னது மடியில. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ."

பரமேஸ் அக்கா எங்கள் ஒழுங்கை. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது படலை. அவவின் குடும்பம் வந்து சேரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி, எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அவவின் தங்கை ராசேஸ் அக்கா இங்கே பிரம்டனில் இருக்கிறா. கலியாணவீடு, செத்தவீடு எங்கே கண்டாலும் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பா: "கௌரி, அந்தக் கிழமைதானே நீங்களும் வெளிக்கிட்டனீங்கள். அக்கா ஆக்களை வழியில எங்கேயும் கண்டனீங்களோ?" கரையில் கண்டிருந்தும் நான் இல்லை என்பேன். அம்மா, "அவை வேற நாள் வெளிக்கிட்டிருப்பினம்" என்பா. அம்மாவின் செத்தவீட்டிலும் கேட்டா. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டா. அப்போதும் இல்லை என்றேன்.

ரமணன் தன் போனில் இலக்கத்தை எடுத்து மேசையில் வைத்தான். "நான் கதைக்கட்டோ?"

"நான் கதைக்கிறன்," என்றேன். "முதல் முளையை இழுத்தது நான்."

இரண்டு தரம் அடித்ததும் எடுத்தா. என் குரலைக் கேட்டுச் சந்தோசப்பட்டா. சுகம் கேட்டா, ஆரணியின் படிப்பைக் கேட்டா, விமலின் சீனி வருத்தத்தைக் கேட்டா. ரமணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆரணியும்.

"ராசேஸ் அக்கா," என்றேன், "நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அவை எங்களோடதான் வெளிக்கிட்டவை."

போனை வைத்துவிட்டா என்று நினைத்தேன். பிறகு மிக மெதுவாகக் கேட்டா:

"சின்னது அழுதுகொண்டிருந்ததோ, கௌரி?"